வயது வந்தோரும் பியானோப் பயிற்சியும்

“ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?” என்பது தமிழில் வழங்கும் பழமொழி. எழுத்தறிவு வகுப்பிற்கு வர மறுக்கும் உழவரும், தையற்பொறியைத் தொடத் தயங்கும் குடும்பப் பெண்ணும், கணிப்பொறியில் தட்டெழுதப் பழகாமல் விட்டுவிடும் எழுத்தரும் இதனையே காரணமாகக் கூறுவதுண்டு. களப்பணியாளரும் ஆசிரியரும் இந்த விடையை அடிக்கடி கேட்க நேர்கிறது. இப்பழமொழி எந்த அளவிற்கு உண்மை என்பதை ஆராய்வதற்குப் பியானோ என்னும் இசைக்கருவி ஏற்றதோர் எடுத்துக்காட்டாகும். ஏனெனில் அதனைப் புதிதாகத் தொடங்கும் வயது வந்தோரின் கைகளுக்கு முன்பழக்கம் ஏதும் இராது. செய்யும் ஒவ்வொரு பிழையும் அக்கணமே செவிக்குப் புலனாகும். முன்னேற்றத்தையும் அவ்வாறே அளந்தறியலாம்.

கருவியின் அமைப்பு

பியானோவை உருவாக்கியவர் இத்தாலி நாட்டைச் சேர்ந்த பார்த்தலோமியோ கிறிஸ்டோஃபோரி ஆவார். 1655-இல் படுவா நகரில் பிறந்த இவர், ஃபுளோரன்ஸ் நகரில் மெடிச்சி குடும்பத்தாரிடம் கருவிகளைப் பேணும் பணியில் இருந்தார். அக்குடும்பத்தின் 1700-ஆம் ஆண்டு இசைக்கருவிப் பட்டியலில் இப்புதிய கருவி இடம்பெற்றுள்ளது. மென்மையாகவும் உரக்கவும் ஒலிக்க வல்லது என்பதே அதன் இத்தாலியப் பெயரின் பொருள். அவர் செய்தவற்றுள் மூன்று இன்றும் எஞ்சியுள்ளன. அவற்றுள் பழையது 1720-இல் செய்யப்பட்டு, நியூயார்க் நகர அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகிறது.

நம் நாட்டினர் நன்கறிந்த ஆர்மோனியத்துடன் ஒப்பிட்டால் பியானோவின் தன்மை எளிதில் விளங்கும். இரண்டிலும் வெள்ளைக் கட்டைகளும் கறுப்புக் கட்டைகளும் ஒரே ஒழுங்கில் அமைந்துள்ளன. கை ஆர்மோனியத்தில் ஒரு கை துருத்தியை இயக்க, மறு கை கட்டைகளை அழுத்துகிறது. ஒலியின் வலிமை துருத்தியைப் பொறுத்தது. கட்டையை எவ்வாறு அழுத்தினும் அதில் பெரிய வேறுபாடு இல்லை. அழுத்தியிருக்கும் வரை சுரம் நீடிக்கும்.

பியானோவில் ஒரு கட்டையை அழுத்தியதும் உள்ளே கம்பளித் துணி பொதிந்த சிறு சுத்தியல் ஒன்று எழுந்து தந்தியை அடித்து, உடனே விலகிக்கொள்கிறது. சுத்தியல் விரைந்து சென்றால் ஒலி உரக்கவும், மெல்லச் சென்றால் மென்மையாகவும் எழும். எழுந்த ஒலி சிறிது சிறிதாகத் தேயும். ஆகவே ஒலியின் வலிமையை விரலே முடிவு செய்கிறது. இன்றைய பியானோவில் 52 வெள்ளைக் கட்டைகளும் 36 கறுப்புக் கட்டைகளும், ஆக 88 கட்டைகள் உள்ளன. அவை ஏழு ஸ்தாயிகளுக்கு மேற்பட்டுப் பரந்துள்ளன.

இதனால் புதிதாகப் பயில்வோர் மூன்று கடமைகளை ஒருங்கே ஏற்க வேண்டியவராகின்றனர். விரலின் வேகத்தை அடக்கியாளுதல் ஒன்று. இரு கைகளாலும் வெவ்வேறு சுரங்களை ஒரே தாளத்தில் வாசித்தல் மற்றொன்று. மேலும் கீழுமாக எழுதப்பட்ட இரண்டு ஐங்கோட்டுச் சுரக்குறிப்புகளை ஒரே நேரத்தில் படித்தல் மூன்றாவது.

கையின் இயல்பு

“விரல்கள் இறுகிவிட்டன, இனி வளையா” என்பது வயது வந்தோர் பலர் கூறும் முதற்குறை. விரல்களை இயக்கும் தசைகள் விரல்களுக்குள் இல்லை; அவை முன்கையிலும் உள்ளங்கையிலும் உள்ளன. நீண்ட தசைநாண்களின் வாயிலாக அவை விரல்களை இழுக்கின்றன. புறங்கையில் மோதிர விரலின் தசைநாண் அண்டை விரல்களின் தசைநாண்களோடு குறுக்கு இழைகளால் பிணைக்கப்பட்டுள்ளது. அதனால் மோதிர விரலைத் தனியே உயர்த்துவது சிறுவர்க்கும் கடினம். தேர்ந்த கலைஞர்க்கும் முற்றிலும் எளிதன்று. இது மனிதக் கையின் பொது அமைப்பேயன்றி முதுமையின் குறையன்று.

பியானோக் கட்டையை அழுத்துவதற்கு ஏறக்குறைய 50 கிராம் எடை போதும். கட்டை கீழிறங்கும் ஆழம் சுமார் 10 மில்லிமீட்டர். எனவே வயது வந்தவரிடம் குறைவாயிருப்பது வலிமையன்று. அவ்வலிமையை அளவோடு செலுத்தும் பழக்கமே. வலிமையைப் பெருக்க முயன்று கையை வருத்துதல் தீங்கு தரும். ஜெர்மன் இசையமைப்பாளர் ராபர்ட் ஷூமன் 1830-களின் தொடக்கத்தில், இருபது வயதைக் கடந்த நிலையில் கடும் பயிற்சி மேற்கொண்டார். விரலுக்கெனக் கருவியொன்றையும் பயன்படுத்தினார். அவர் வலக்கை விரலின் இயக்கம் கெட்டு, பியானோக் கலைஞராகும் நோக்கத்தையே கைவிட நேர்ந்தது. அக்கேட்டின் சரியான காரணம் குறித்து மருத்துவர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆயினும் வலியைப் பொறுத்துக்கொண்டு பயிலலாகாது என்ற பாடம் தெளிவானது.

மூளையில் நிகழ்வது யாது?

புதுத் திறனைக் கற்பது விரலன்று, மூளையே. 1995-இல் அமெரிக்க விஞ்ஞானிகள் வெளியிட்ட ஆராய்ச்சியொன்று இதனை நன்கு விளக்குகிறது. பியானோ அறியாத வயது வந்தோர் ஐந்து விரல்களுக்குரிய சிறு பயிற்சியொன்றை நாள்தோறும் 2 மணி நேரம் வீதம் 5 நாட்கள் செய்தனர். தலைக்கு வெளியே வைத்த காந்தச் சுருளைக் கொண்டு, விரல்களை ஆளும் மூளைப் பகுதி நாள்தோறும் அளக்கப்பட்டது. அப்பகுதி நாளுக்கு நாள் விரிவடைந்தது. மற்றொரு குழுவினர் கட்டைகளை அழுத்தாமல் அதே பயிற்சியை மனத்திற்குள் மட்டும் செய்து பார்த்தனர். அவர்களுடைய மூளையிலும் அத்தகைய மாறுதல் தோன்றியது. ஐந்தாம் நாள் முடிவில் அவர்களுடைய வாசிப்பு, கையால் பயின்றவர்கள் மூன்றாம் நாளில் எய்திய நிலையில் இருந்தது.

2002-இல் வெளிவந்த வேறோர் ஆராய்ச்சியில், குறிப்பிட்ட வரிசையில் விரல்களால் விசைகளைத் தட்டும் பயிற்சி இளைஞர்களுக்கு அளிக்கப்பட்டது. பகல் முழுவதும் விழித்திருந்தவர்களிடம் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் இல்லை. ஓரிரவு உறங்கி எழுந்தபின், மேற்பயிற்சி ஏதுமின்றியே வேகம் ஏறத்தாழ 20 சதவீதம் உயர்ந்திருந்தது, பிழையும் மிகவில்லை. பகலில் விதைத்தது இரவில் வேரூன்றுகிறது எனலாம்.

பழமொழியில் உண்மை இல்லாமலும் இல்லை. தொழில்முறைப் பியானோக் கலைஞர்களின் மூளை நரம்பிழைகளை ஆராய்ந்து 2005-இல் ஸ்வீடன் நாட்டு விஞ்ஞானிகள் வெளியிட்ட முடிவுகளின்படி, சிறுவயதில் செய்த பயிற்சியே மூளையின் மிகுதியான இடங்களோடு தொடர்புடையதாகக் காணப்பட்டது. எனினும் வயது வந்தபின் செய்த பயிற்சியின் தொடர்பும் அவ்வாராய்ச்சியில் புலப்பட்டது. இளமையில் தொடங்குவோர்க்கு நன்மை மிகுதி. பிந்தித் தொடங்குவோர்க்கு வாயில் அடைக்கப்படவில்லை என்பதே இவற்றால் பெறப்படும் முடிவு.

அறிவு முந்துதலும் கை பிந்துதலும்

அவ்வாறாயின் வயது வந்தோர் பலர் சில மாதங்களிலேயே பயிற்சியைக் கைவிடுவது ஏன்? அவர்களுடைய அறிவும் செவியும் கையைவிட விரைந்து வளர்வதே முதற்காரணம். நாற்பது வயதுள்ளவர் சுரக்குறிப்பின் விதிகளைச் சில நாட்களில் புரிந்துகொள்வார். நல்ல வாசிப்பு எவ்வாறிருக்கும் என்பதையும் அவர் செவி அறியும். கையோ அதே பாடத்திற்குப் பல வாரங்களை வேண்டும். ஏழு வயதுக் குழந்தை தன் வாசிப்பின் குறையை அவ்வளவாக உணர்வதில்லை; உணர்ந்தாலும் வெட்கப்படுவதில்லை. வயது வந்தவர் ஒவ்வொரு குறையையும் கேட்கிறார். கேட்டு, தமக்குத் திறமை இல்லையென்று தீர்ப்பளித்துவிடுகிறார். உண்மையில் குறையைச் செவியால் கண்டறிவதே கற்றலின் முதற்படியாகும்.

தவறான பயிற்சி முறை இரண்டாவது காரணம். வாரம் முழுவதும் தொடாமலிருந்து ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் அமர்தல், ஒவ்வொரு முறையும் பாடலை முதலிலிருந்தே தொடங்குதல், பிழை நேர்ந்ததும் மீண்டும் தொடக்கத்திற்கே ஓடுதல் ஆகியவை பொதுவாகக் காணப்படும் பழக்கங்கள். இவற்றால் முதல் வரி நூறு முறை வாசிக்கப்படுகிறது. கடினமான இறுதி வரியோ ஐந்து முறைகூட வாசிக்கப்படுவதில்லை. வேகமாக வாசித்துப் பிழை செய்யுங்கால், கை அப்பிழையையே பாடமாகக் கற்றுக்கொள்கிறது.

பயிற்சி முறை

கீழ்க்கண்ட முறைகளைப் பின்பற்றுதல் நலம்.

1. நாள்தோறும் 20 முதல் 30 நிமிடம் வரை பயில வேண்டும். இடையே ஓர் இரவின் உறக்கம் அமைவதால், ஒரே நாளில் நீண்ட நேரம் பயில்வதைவிட இது மிகுந்த பயன் தரும்.

2. சுரக்குறிப்பில் இரு செங்குத்துக் கோடுகளுக்கு இடைப்பட்டது ஒரு தாளப் பகுதி. ஒரு நேரத்தில் இரண்டு அல்லது நான்கு தாளப் பகுதிகளை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். கடினமான பகுதியிலிருந்து தொடங்குவதே சிறந்தது.

3. பிழையின்றி வாசிக்க இயலும் வேகமே சரியான வேகம். கருநாடக இசையில் சரளி வரிசையை முதற்காலத்தில் உறுதிப்படுத்திய பின்னரே இரண்டாம் காலத்திற்குச் செல்வது மரபு. அதே நெறி இதற்கும் பொருந்தும்.

4. முதலில் வலக்கை, பின்னர் இடக்கை, அதன்பின் இரண்டும் சேர்த்து என்ற முறையில் செல்க. இரு கைகளையும் சேர்க்கும்போது வேகத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

5. எந்தச் சுரத்திற்கு எந்த விரல் என்பதை முதல் நாளிலேயே முடிவு செய்து, மாற்றாதிருக்க வேண்டும். இரு கைகளிலும் கட்டை விரலுக்கு 1, சுண்டு விரலுக்கு 5 என்பது வழக்கு. எட்டு வெள்ளைக் கட்டைகள் கொண்ட முதல் வரிசையை வலக்கையால் ஏறுமுகமாக வாசிப்பதற்குரிய விரல் ஒழுங்கு 1-2-3-1-2-3-4-5 என்பதாகும்.

6. பேருந்திலோ ஓய்வு நேரத்திலோ அன்றைய பாடத்தை மனத்திற்குள் வாசித்துப் பார்க்கலாம். இது கைப்பயிற்சிக்கு ஈடாகாது, ஆயினும் துணையாகும்.

7. தோளும் மணிக்கட்டும் தளர்ந்திருக்க வேண்டும். வலியோ மரத்தலோ தோன்றினால் உடனே நிறுத்த வேண்டும். அது தொடர்ந்தால் மருத்துவரை அணுக வேண்டும்.

பாடங்களைத் தேர்வதில் அங்கேரி நாட்டு இசையறிஞர் பேலா பார்டோக் 1926 முதல் 1939 வரை இயற்றிய ‘மிக்ரோகோஸ்மோஸ்’ என்னும் தொகுதி நல்ல வழிகாட்டி. அதன் ஆறு பகுதிகளில் 153 சிறு பாடங்கள் உள்ளன. இரு கைகளும் ஒரே இசையை வாசிக்கும் மிக எளிய பாடங்களில் தொடங்கி, படிப்படியாக அது உயர்கிறது. மரப் பியானோவை வாங்க இயலாதோர் மின்னணுப் பியானோவைக் கொள்ளலாம். அதற்குச் சுருதி கூட்டும் செலவில்லை. ஆனால் கட்டைகள் எடையுள்ளனவாக இருத்தல் வேண்டும். இன்றேல் விரலின் வேகத்தை அடக்கும் பழக்கம் கைவராது.

ஆசிரியரின் கடமை

வயது வந்தோர்க்குக் கற்பிக்கும் ஆசிரியர், அவர் கை பிந்தும் என்பதை முதல் நாளிலேயே அவரிடம் கூறிவிட வேண்டும். எதிர்பார்த்த தடை அச்சத்தை விளைவிப்பதில்லை. “இது மிக எளிது” என்று ஊக்குவித்தல் தவறு. எளியதென்று கூறப்பட்டதைச் செய்ய இயலாதவர் இரட்டிப்பாக மனம் தளர்வார். பாடத்தின் காரணத்தை விளக்கிக் கூற வேண்டும். காரணம் அறிந்து பயில்வது வயது வந்தோரின் தனி வலிமை. அவரைச் சிறுவரோடும் தேர்ந்த கலைஞரோடும் ஒப்பிடாமல், நான்கு வாரங்களுக்கு முன் அவரே வாசித்ததோடு ஒப்பிட வேண்டும். கைப்பேசியில் மாதம் ஒருமுறை ஒலிப்பதிவு செய்து வைத்தால் அவ்வொப்பீடு ஐயத்திற்கு இடமின்றி அமையும்.

வரம்பையும் மறைக்கலாகாது. நாற்பதில் தொடங்குபவர் பெருமேடைக் கலைஞராதல் அரிது. ஆயினும் பகற்பணி முடிந்தபின் தம் இல்லத்தில் ஓர் இசையைத் தம் கையால் எழுப்புதல் பலரும் எய்தத்தக்க இலக்கு. அதனை எய்தாது தடுப்பது பெரும்பாலும் வயதன்று. மூன்றாம் மாதத்தில் தமக்குத்தாமே அளித்துக்கொள்ளும் தீர்ப்பே. பேனா பிடிக்கப் பழகும் உழவருக்கும் தையற்பொறியின் முன் அமரும் பெண்ணுக்கும் இது பொருந்தும். ஐந்தில் வளைவதைப் போல் ஐம்பதில் விரைவில் வளைவதில்லை. சிறிது சிறிதாக, நாள்தோறும் வளைத்தால் வளையும்.

ஆய்வு வினாக்கள்

1. ஆர்மோனியத்திலும் பியானோவிலும் ஒலியின் வலிமையை முடிவு செய்வது எது?

2. நாள்தோறும் அரை மணி நேரப் பயிற்சி, வாரம் ஒருமுறை மூன்று மணி நேரப் பயிற்சியைவிடச் சிறந்ததாவது ஏன்?

3. உங்கள் வகுப்பை இடையில் விட்டுச் சென்ற வயது வந்த மாணாக்கர் ஒருவரை நினைவுகூர்க. அவருடைய தடை அறிவிலா, கையிலா, தம்மைப் பற்றிய தீர்ப்பிலா? அவரை மீண்டும் அழைத்துவர எந்தச் சிறு பாடத்தை முதலில் கொடுப்பீர்கள்?