‘மொரோஸ்’ என்னும் உருசியச் சொல்

உருசிய மொழியிலுள்ள வானிலை, வேளாண்மை நூல்களில் அடிக்கடி வரும் சொல் ‘மொரோஸ்’ என்பது. ஆங்கிலத்தின் வழியாகத் தமிழுக்கு வரும்பொழுது இது ‘உறைபனி’ என்றே பெயர்க்கப்படுகிறது. எல்லா இடங்களிலும் இப்பெயர்ப்புப் பொருந்தாது.

பொருள்

காற்றின் வெப்பநிலை நீரின் உறைநிலைக்குக் கீழே இறங்கிய கடுங்குளிரே ‘மொரோஸ்’ ஆகும். புல்லின்மீது வெண்படிகம் தோன்றவேண்டும் என்னும் நியதி இதற்கு இல்லை. அவ்வெண்படிகத்திற்கு உருசியர் வழங்கும் பெயர் ‘ஈனெய்’. காற்று வறண்டிருப்பின் படிகம் தோன்றாமலே பயிர் உறைந்து கருகக்கூடும். ஆகவே இவ்விரண்டையும் ஒன்றாகக் கொள்ளுதல் தவறு.

இளவேனிலிலும் இலையுதிர்காலத்திலும், பகல் வெதுவெதுப்பாக இருக்க, இரவில் மட்டும் சிறிது நேரம் நேரும் உறைகுளிர் ‘ஸாமொரொஸ்கி’ எனப்படும். அது காற்றில் நேர்ந்ததா, மண்பரப்பில் மட்டும் நேர்ந்ததா என்பதை உருசிய வானிலையாளர் பிரித்தே குறிப்பர். மலர்ந்த ஆப்பிள் பூவிற்கு ஏறத்தாழ −2 பாகை சென்டிகிரேடிலேயே சேதம் தொடங்குவதால், மொழிபெயர்ப்பில் இக்குறிப்பை விட்டுவிடலாகாது.

பிறப்பு

தொல் ஸ்லாவிய மொழியில் இச்சொல்லின் வடிவம் ஏறக்குறைய ‘மொர்ஸ்’ என்பது. கிழக்கு ஸ்லாவிய மொழிகளில் ரகரத்தின் பின்னும் ஓர் உயிரொலி தோன்றியதால் ‘மொரோஸ்’ ஆயிற்று. பல்கேரியரும் செக்கியரும் ‘ம்ராஸ்’ என்றும், போலந்தியர் ‘ம்ரூஸ்’ என்றும் வழங்குகின்றனர். உறைதலைக் குறிக்கும் ‘மியோர்ஸ்னுத்’ என்னும் வினையும், உறைந்த நிலத்தைக் குறிக்கும் ‘மெர்ஸ்லொத்தா’வும் இவ்வேரினவே. சைபீரியாவின் நிலையான உறைநிலத்தைப் பற்றி மிகயீல் சும்கின் 1927-இல் வெளியிட்ட நூலின் பெயரிலும் இச்சொல் உண்டு. அருவருப்பைக் குறிக்கும் சில சொற்களும் இதே வேரிலிருந்து கிளைத்தவை.

அளவு

‘பத்துப் பாகை மொரோஸ்’ என்று உருசியர் கூறினால் அது −10 பாகை சென்டிகிரேட் ஆகும். கழித்தற்குறி சொல்லிலேயே அடங்கியுள்ளது. அதனை அறியாதவர் 10 பாகை வெப்பம் என்று எழுதிவிடுவர். பழைய ஆங்கில வழக்கிலோ ‘பத்துப் பாகை உறைபனி’ என்பது 32 பாகை பாரன்ஹீட்டிலிருந்து பத்துக் குறைந்த 22 பாகை. அதாவது சுமார் −5.6 பாகை சென்டிகிரேட். சொற்றொடர் ஒன்றுபோல் தோன்றினும் அளவு வேறு.

ஆகையால், களப்பணியாளர் இத்தகைய குறிப்புகளைப் படிக்கும்பொழுது எந்த அளவுமுறை, எந்த உயரத்தில் எடுத்த அளவு என்னும் இரண்டையும் முதலில் தெளிந்துகொள்ளவேண்டும். ‘மொரோஸ்’ என்பதற்கு ‘உறைகுளிர்’ என்றும், ‘ஈனெய்’ என்பதற்கு ‘வெண்பனிப்படிகம்’ என்றும் வேறுபடுத்தி வழங்கினால் ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் குழப்பம் நேராது.