மண்ணுக்குள் தூங்கும் விதைகள்

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு நெல்வயல். மாமியாரும் மருமகளும் வரப்பில் நிற்கிறார்கள்.

"அங்கே பாருங்கள் அத்தை. நம் நெல்லைவிட உயரமாக நிற்கிறதே, அது வரிநெல்."

"போன வருஷமே பிடுங்கினோமே! மறுபடியும் எங்கிருந்து வந்தது?"

"மண்ணுக்குள் இருந்துதான் அத்தை."

வரிநெல் ஒரு களை. இளம் பயிரில் அது நெல்லைப் போலவே இருக்கும். கதிர் வந்த பிறகுதான் நன்றாக அடையாளம் தெரியும். நாம் அறுவடை செய்வதற்கு முன்பே அதன் மணிகள் உதிர்ந்துவிடும். மண்ணில் விழுந்து காத்திருக்கும்.

விதை எப்படிக் காத்திருக்கிறது?

மேல் மண்ணில் கிடக்கும் விதைக்கு ஈரமும் காற்றும் வெளிச்சமும் கிடைக்கும். அது முளைக்கும். அல்லது எறும்பும் குருவியும் தின்றுவிடும். ஆழத்தில் புதைந்த விதை தூங்கும். சில விதைகள் பல ஆண்டுகள் தூங்கும்.

அமெரிக்காவில் பீல் என்ற பேராசிரியர் இருந்தார். அவர் 1879இல் விதைகளை மணலோடு கலந்து புட்டிகளில் போட்டுப் புதைத்தார். 2021இல் அதில் ஒரு புட்டியைத் தோண்டி எடுத்தார்கள். 140 ஆண்டுகளுக்குப் பிறகும் சில விதைகள் முளைத்தன!

உழவு என்ன செய்கிறது?

'அகல உழுவதைவிட ஆழ உழுவதே மேல்' என்பது பழமொழி. ஆழ உழுதால் மேலே கிடந்த விதை கீழே போகும். அந்த ஆண்டு களை குறையும். ஆனால் அடுத்த ஆண்டும் ஆழ உழுதால்? தூங்கிய விதை மேலே வரும். வெளிச்சம் பட்டதும் விழித்துக்கொள்ளும்.

"அப்படியானால் என்ன செய்வது?" என்று கேட்டார் அத்தை.

"முதலில் மேலாக உழ வேண்டும். மண் ஈரமானதும் களை முளைக்கும். இரண்டு மூன்று வாரம் பொறுக்க வேண்டும். முளைத்த களையை மறுபடியும் மேலாக உழுது அழிக்க வேண்டும். பிறகுதான் விதைக்க வேண்டும்."

"கால்வாய்த் தண்ணீர் நமக்காகக் காத்திருக்குமா?"

"சித்திரை மழை பெய்ததும் உழுவோம் அத்தை. தண்ணீர் வருவதற்குள் களை முளைத்துவிடும். களையெடுக்கும் கூலி மிச்சமாகும்."

நினைவில் வையுங்கள்

1. வரிநெல் கலக்காத விதையை வாங்குங்கள்.
2. வரிநெல் அதிகமுள்ள வயலில் விதைக்க வேண்டாம். நாற்று நட்டுத் தண்ணீர் கட்டுங்கள்.
3. தப்பி நிற்கும் வரிநெல் கதிரை, மணி உதிரும் முன் அறுத்து எடுங்கள்.

செய்து பார்ப்போம்

இரண்டு சிரட்டை எடுங்கள். ஒன்றில் வயலின் மேல் மண்ணைப் போடுங்கள். மற்றதில் ஒரு சாண் ஆழத்து மண்ணைப் போடுங்கள். வெளிச்சத்தில் வைத்துத் தினமும் தண்ணீர் தெளியுங்கள். 15 நாளில் எதில் எத்தனை முளைத்தன? எண்ணி எழுதுங்கள்.

கேள்விகள்

1. வரிநெல்லை இளம் பயிரில் கண்டுபிடிப்பது ஏன் கடினம்?
2. புதைந்த விதை எப்போது விழித்துக்கொள்கிறது?
3. உங்கள் வயலில் அதிகமாக வரும் களை எது?