நோட்டைத்தான் முதலில் எடுத்தாள்

2008-ல் ராணுவத்திலிருந்து கடலூருக்குத் திரும்பியபோது எனக்கு வயது 35. மெட்ராஸ் சாப்பர்ஸில் 17 ஆண்டு இருந்தேன். எங்கள் பிரிவின் ஜவான்களுக்கு ராணுவம் முழுக்க ‘தம்பி’ என்றுதான் பெயர். பாலம் போடுவோம், கண்ணிவெடி எடுப்போம், மலை முகாம்களுக்குத் தண்ணீர் ஏற்றுவோம். பம்பு செட் எனக்குப் பழகிய பொருள். அந்தத் தைரியத்தில் ஊர் வந்த மூன்றாம் மாதமே திருப்பாதிரிப்புலியூரில் மோட்டார் விற்கும் கடை போட்டேன். ஓய்வூதியத்தில் ஏறக்குறைய பாதியை கம்யூட்டேஷனாக, அதாவது முன்கூட்டியே மொத்தமாக வாங்கி, அந்த மொத்தப் பணத்தையும் சரக்கில் இறக்கினேன்.

அது நான் செய்த பெரிய தவறு. கம்யூட்டேஷனாக வாங்கியதற்கு 15 ஆண்டு மாதாமாதம் பிடித்தம் உண்டு. எனக்கு முழு ஓய்வூதியம் திரும்ப வந்தது 2023-ல்தான். கடையோ ஒன்பதே மாதத்தில் படுத்துவிட்டது. ஒரு ஒப்பந்தக்காரர் கடனுக்கு எடுத்துப்போன மோட்டார்களுக்குப் பணம் கடைசிவரை வரவில்லை. கடையில் வேலைக்கு வைத்திருந்த பையனும் நின்றுவிட்டான். அவன் அப்பா வந்து, “சார், நீங்க அதட்டுறதுல பையனுக்கு ராத்திரி தூக்கம் வரல” என்றார். முகாமில் சத்தமாகப் பேசியே பழகியவன் நான். அது அதட்டல் என்றே அதுவரை எனக்குத் தெரியவில்லை.

அதன் பிறகுதான் தொழில் கற்கப் போனேன். சிதம்பரத்தில் மேலவீதியை ஒட்டிய சந்தில் ஒரு ரீவைண்டிங் பட்டறை. அப்போது விழுப்புரம் - மயிலாடுதுறை பாதையை அகலப்படுத்திக்கொண்டிருந்ததால் ரயில் கிடையாது. ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர் வழியாகத் தினமும் பஸ். எட்டு மாதம் சம்பளம் இல்லாமல் உட்கார்ந்தேன். பட்டறை முதலாளி என்னைவிட இளையவர். நான் ‘அண்ணே’ என்றே கூப்பிட்டேன். எரிந்துபோன காயிலை வெட்டுவதற்கு முன்னால் சுற்று எண்ணிக்கையையும் கம்பி கேஜையும் எழுதி வைக்க வேண்டும் என்றார். கழற்றிய பழைய செம்பை மோட்டார்காரர் கண்ணெதிரில் எடை போட வேண்டும் என்றார். இந்த இரண்டாவது பாடம்தான் இன்றுவரை எனக்குச் சோறு போடுகிறது. கடையில் எத்தனை பேர் நின்றாலும் தராசை வெளியே எடுத்து வைக்காமல் நான் செம்பைத் தொடுவதில்லை.

இரண்டு ஊருக்கும் நடுவே 45 கிலோமீட்டர்தான் தூரம், ஆனால் வியாபாரம் வேறு. கடலூரில் உப்புக்காற்று பேரிங்கையும் போல்ட்டையும் தின்னும். சிதம்பரம் பக்கம் காவிரியின் கடைமடை. மேட்டூரை வழக்கப்படி ஜூன் 12-ல் திறந்து வாய்க்காலில் நேரத்துக்குத் தண்ணீர் வந்தால் மோட்டார்கள் ஓய்வெடுக்கும். தாமதமானால் போர் மோட்டார் இரவு பகலாக ஓடி காயில் கருகும். சரக்கு எடுப்பதற்கு முன் அந்த ஆண்டு ஆற்றில் தண்ணீர் எப்படி என்று விசாரித்துக்கொள்ள வேண்டும். ஆனித் திருமஞ்சனம், மார்கழி ஆருத்ரா தரிசனத் தேர் நாட்களில் நான்கு வீதிகளிலும் லாரி நுழையாது. அதற்கு முன்பே சரக்கை இறக்கிவிட வேண்டும். இதையெல்லாம் அந்தப் பட்டறைத் திண்ணையில்தான் தெரிந்துகொண்டேன்.

2010-ல் திருப்பாதிரிப்புலியூரில் மறுபடி கடை போட்டேன், இந்தமுறை பட்டறையாக. அடுத்த ஆண்டு டிசம்பர் 30 அதிகாலை தானே புயல் வந்தது. மின்கம்பங்கள் சாய்ந்து வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. என்னிடம் ஒரு டீசல் ஜெனரேட்டர் இருந்தது. தெருத்தெருவாக இழுத்துப்போய் மாடித் தொட்டிகளுக்குத் தண்ணீர் ஏற்றிக் கொடுத்தேன். டீசல் செலவும் ஆள் கூலியும் மட்டும் வாங்கினேன். மூன்று மடங்கு கேட்டாலும் கொடுத்திருப்பார்கள். அந்தத் தெருக்காரர்கள் இன்றும் வேறு கடை ஏறுவதில்லை. பண்ருட்டிப் பக்கத்தில் பலாவும் முந்திரியும் வேரோடு போய், எனக்குப் பாக்கி வைத்திருந்த விவசாயிகள் கை பிசைந்து நின்றார்கள். முந்திரிக் கன்று வளர்ந்து காய்க்க வருடங்கள் ஆகும். காத்திருந்தேன். மூன்று பேரைத் தவிர அத்தனை பேரும் கொடுத்துவிட்டார்கள்.

2015-ஐப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நவம்பர் 9, தீபாவளிக்கு முந்தைய நாள். விடாத மழை. மாலையில் கடைக்குள் கணுக்கால் அளவு தண்ணீர். நானும் பையன்களும் மோட்டார்களைத் தூக்கி மேசை மேல் அடுக்கிக்கொண்டிருந்தோம். முழங்கால் தண்ணீரில் என் மனைவி வந்தாள். மோட்டார் பக்கம் அவள் திரும்பவே இல்லை. நேராக மேசை இழுப்பறையைத் திறந்து பாக்கி நோட்டையும், பேங்க் பாஸ்புக்கையும், ரிப்பேருக்கு வந்த மோட்டார்களின் சீட்டுக் கட்டையும் எடுத்து பாலித்தீன் பையில் கட்டி இடுப்பில் செருகினாள். எனக்குக் கோபம் வந்தது. “சரக்கு முழுகுது, நீ நோட்டை எடுக்கிறியே” என்றேன். “என்னங்க, மோட்டாரைக் காய வச்சிக்கலாம். நோட்டைக் காய வச்சா எழுத்து வருமா?” என்றாள்.

அவள் சொன்னதுதான் சரி. நனைந்த மோட்டார்களைப் பிரித்து, நல்ல தண்ணீரில் சேறு போகக் கழுவி, வெயில் கிடைத்த நாளில் வெயிலிலும், கிடைக்காத நாளில் பெட்டிக்குள் குண்டு பல்பு போட்டும் உலர்த்தினோம். காயிலின் இன்சுலேஷனை அளக்கும் மெக்கர் வைத்துப் பார்த்து, ஒரு மெகா ஓமுக்குக் கீழே காட்டியதற்கு மின்சாரம் கொடுக்காமல் மறுபடி உலர்த்தி, வார்னிஷில் முக்கி, பேரிங் மாற்றினோம். பெரும்பாலானவை பிழைத்தன. சீட்டுக் கட்டு இல்லாவிட்டால் எந்த மோட்டார் யாருடையது என்றே தெரிந்திருக்காது. வெள்ளம் வடிந்து உள்ளே நிற்க இடம் கிடைத்த அன்றே அவள் நோட்டை விரித்து, ஒவ்வொருவராகப் போன் போட்டு, “உங்க மோட்டார் பத்திரமா இருக்குங்க” என்றாள்.

இந்த நிதானம் அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று அன்றிரவு யோசித்தேன். 2004 டிசம்பர் 26, சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமை காலை. நான் ஜம்முவில் இருந்தேன். தேவனாம்பட்டினத்திலிருந்து ஜனங்கள் ஊருக்குள் ஓடி வருகிறார்கள். மூன்று வயது மகளை ஒரு இடுப்பிலும், குடும்ப அட்டை, பாஸ்புக், என் சர்வீஸ் காகிதங்கள் இருந்த துணிப்பையை மறு தோளிலும் போட்டுக்கொண்டு அவள் பண்ருட்டிக்கு பஸ் ஏறியிருக்கிறாள். இரண்டு நாள் கழித்துத்தான் எனக்குப் போன் கிடைத்தது. நான் இல்லாத ஆண்டுகளில் வீட்டை, பள்ளிக்கூடத்தை, கடனை, நோயை எல்லாம் ஒற்றை ஆளாகப் பார்த்தவள் அவள். ஊர் திரும்பிய நானோ கடை போடுவதைப் பற்றி அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்தப் பணம் இருந்திருக்கும். யாருக்குக் கடன் கொடுக்கலாம், யாருக்குக் கூடாது என்பது அவளுக்குத் தெருத்தெருவாகத் தெரியும்.

2016-லிருந்து கணக்கு அவள் கையில். ஓய்வூதியம் வரும் பேங்க் கணக்கிலிருந்து கடைக்கு ஒரு ரூபாய் எடுக்கக் கூடாது என்பது அவள் போட்ட சட்டம். இரண்டு வருடம் கழித்து, சிதம்பரத்தில் கிளை திறக்கலாம் என்று அவள் சொன்ன பிறகுதான் திறந்தேன்.

விடுப்பில் ஊர் வந்திருக்கும் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. ஓய்வு பெற இரண்டு வருடம் இருக்கும்போதே, செய்ய நினைக்கிற தொழிலில் ஒரு விடுப்பு முழுக்க யாராவது ஒருவர் கடையில் போய் உட்காருங்கள். மோட்டார் தொழில் என்றால் என் பட்டறைக்கே வாருங்கள். பாக்கி நோட்டு உட்பட எல்லாவற்றையும் காட்டுகிறேன். வரும்போது வீட்டம்மாவையும் அழைத்து வாருங்கள்.