அறுபதைத் தாண்டிய பெண்கள்

பெண்ணுக்கு ஆயுள் கெட்டி என்று ஊரில் சொல்வார்கள். நம் நாட்டில் வெகுகாலம் அது உண்மையாக இருக்கவில்லை.

1941 முதல் 1950 வரை உள்ள கணக்கைப் பாருங்கள். இந்தியாவில் ஆணின் சராசரி ஆயுள் சுமார் 32 வருடம். பெண்ணுக்கு அதைவிடக் கொஞ்சம் குறைவு. எல்லோரும் 32 வயதில் இறந்தார்கள் என்று இதற்குப் பொருள் இல்லை. ஏராளமான குழந்தைகள் பிறந்த வருடத்திலேயே இறந்தன. அதனால்தான் சராசரி இவ்வளவு இறங்கியது.

பெரும்பாலான நாடுகளில் பெண்கள்தான் அதிக நாள் வாழ்கிறார்கள். இங்கே ஏன் அப்படி இல்லை? சிறு வயதில் கல்யாணம். அடுத்தடுத்துப் பிரசவம். உடம்பில் ரத்தம் இல்லை. வீட்டில் ஆண்கள் சாப்பிடுவார்கள், பிறகு பிள்ளைகள் சாப்பிடுவார்கள். கடைசியில் பானையின் அடியில் இருப்பதுதான் அவளுக்கு. பையனுக்குக் காய்ச்சல் என்றால் உடனே வைத்தியம். பெண் குழந்தைக்கு என்றால், நாளைக்குப் பார்க்கலாம்!

1980க்குப் பிறகு கணக்கு மாறியது. 1981-85இல் பெண்ணின் சராசரி ஆயுள் ஆணைவிடச் சற்றுக் கூடியது. 2016-20இல் பெண்ணுக்கு 71 வருடம், ஆணுக்கு 69 வருடம். கல்யாண வயது உயர்ந்தது. பிள்ளைகள் குறைந்தன. பிரசவம் ஆஸ்பத்திரிக்கு வந்தது. 1997-98இல் ஒரு லட்சம் குழந்தைகள் பிறந்தால், சுமார் 400 தாய்மார்கள் இறந்தார்கள். 2018-20இல் அது 97 ஆகக் குறைந்தது. எல்லா மாநிலத்திலும் ஒரே மாதிரி இல்லை. கேரளாவில் 19, அசாமில் 195.

1991இல் அறுபது வயதான ஆண்கள் 1000 பேர் இருந்தால், பெண்கள் 930 பேர்தான் இருந்தார்கள். 2011இல் பெண்கள் 1033 பேர். முதியோரில் பெண்களே அதிகம்.

ஆனால் வயதான பெண்களில் ஏறக்குறைய பாதிப்பேர் கணவனை இழந்தவர்கள். மனைவிக்கு வயது குறைவு, ஆகவே கணவன் முந்திப் போகிறான். நிலம் அவன் பெயரில் இருக்கும். அது நேராக மகன் பெயருக்கு மாறிவிடும். 1956ஆம் வருட இந்து வாரிசுச் சட்டப்படி, உயில் இல்லாவிட்டால் கணவனின் சொந்தச் சொத்தில் மனைவிக்கும் பிள்ளைகளுக்குச் சமமான பங்கு உண்டு. பலருக்கு இது தெரியாது. பிள்ளைகள் சோறு போடாவிட்டால் பெற்றோர் மனுக் கொடுத்து ஜீவனாம்சம் கேட்கலாம். இதற்கு 2007இல் தனிச் சட்டமே வந்தது.

இன்னொரு சிக்கல் வயது. பழைய நாளில் பெண் பிறந்த தேதியை யார் எழுதி வைத்தார்கள்? பெரிய வெள்ளம் வந்த வருடம் என்பார்கள், அவ்வளவுதான். அட்டை எழுதுகிறவர் முகத்தைப் பார்த்து ஒரு வயதைப் போடுவார். ஐந்து வயது குறைத்துப் போட்டால், முதியோர் பென்ஷன் ஐந்து வருடம் தள்ளிப் போகும். எழுதியதை அங்கேயே படித்துப் பார்ப்பது நல்லது.

பேசுவோம்:
உங்கள் தெருவில் அறுபதைத் தாண்டிய பெண்கள் எத்தனை பேர்?
அவர்களுடைய அட்டையில் என்ன வயது எழுதியிருக்கிறது?
எத்தனை பேருடைய பெயரில் பட்டா இருக்கிறது?