மரப் படகுக்குப் பூச்சு: புதிதாய்க் கட்டுவோருக்கு

குளத்தில் விட மாதிரிப் படகு கட்டும் தம்பி, தங்கைகளே, பலகை ஒட்டி முடித்ததும் பெயின்ட் டப்பாவைத் திறக்கக் கை பரபரக்கும். பொறுங்கள். பெயின்ட் அழகுக்குத்தான். தண்ணீரைத் தடுப்பது அதற்கு அடியில் இருக்கும் பூச்சு.

1. உள்பக்கத்திலிருந்து தொடங்குங்கள். பலரும் வெளியே நாலு கோட்டிங் அடித்துவிட்டு உள்ளே வெறும் மரமாக விட்டுவிடுகிறார்கள். விசிறித் தண்டு, சுக்கான் குழாய் வழியாகச் சில சொட்டாவது உள்ளே வரத்தான் செய்யும். பால்சா அதைக் குடித்து ஊதும், வெளியே பெயின்ட் இணைப்புக்கு இணைப்பு வெடிக்கும். மேல்தளத்தை ஒட்டிவிட்டால் பிறகு பிரஷ் போகாது. அதற்கு முன்பே சட்டங்களின் இடுக்குகளிலும் ஏராவின் இரு பக்கத்திலும் எபாக்சியை மெல்லிசாகத் தடவிவிடுங்கள்.

2. மரத்தின் வெட்டுமுனைதான் அதிகம் உறிஞ்சும். அணியத்திலும் அமரத்திலும், பிளைவுட்டின் ஓரங்களிலும், வேண்டிய மட்டும் குடிக்கவிட்டு மறுபடி பூசுங்கள்.

3. உப்புத்தாளை 120, 180, 240 என்று வரிசையாகப் போடுங்கள், மரக்கட்டையில் சுற்றி, நார் ஓடும் திசையிலேயே. வெறும் விரலால் தேய்த்தால் மெத்தென்ற பால்சா குழிந்துவிடும், பசைக் கோடு மட்டும் வரப்பாக நிற்கும். தேய்க்குமுன் படகு முழுக்கப் பென்சிலால் கிறுக்குங்கள். தேய்த்த பிறகும் கிறுக்கல் மிஞ்சிய இடம் பள்ளம். அங்கே பட்டி வையுங்கள்.

4. இரண்டடிப் படகுக்குச் சதுர மீட்டருக்கு 25 கிராம் கண்ணாடியிழைத் துணி போதும். கவிழ்த்த படகின் மேல் துணியை விரித்து, ஏரா மேல் எபாக்சி ரெசினை ஊற்றி, பழைய பிளாஸ்டிக் அட்டையால் ஓரத்தை நோக்கி வழித்து இழுங்கள். நெசவு தெரிய வேண்டும். அதை நிரப்ப இரண்டாவது பூச்சு இருக்கிறது. கூடுதல் ரெசின் வெறும் எடைதான். ஹார்டனரை டப்பாவில் குறித்திருக்கும் அளவுக்கு மேல் விட்டால் சீக்கிரம் காயாது, பிசுபிசுப்பாகவே கிடக்கும். வெயில் காலத்தில் சிறிது சிறிதாகக் கலக்குங்கள், கோப்பையிலேயே சூடேறி இறுகிவிடும். மழைநாளில் காய்ந்த ரெசின் மேல் மெழுகு போன்ற படலம் படியலாம். தண்ணீரில் கழுவிய பின்பே தேய்க்க வேண்டும். கையுறையும் முகக்கவசமும் கட்டாயம்.

5. பிரைமர் மெல்லிசாக. அதன் மேல் 400 தாளைத் தண்ணீர் தொட்டுத் தேய்க்கலாம், அதற்கு முன் வேண்டாம்.

6. நீர்மட்டக் கோட்டைக் கண்ணளவில் போடாதீர்கள். பிரைமர் போட்ட படகில் மோட்டார், பேட்டரி எல்லாம் வைத்துத் தொட்டியில் மிதக்கவிட்டுக் குறியுங்கள். அடி நிறம் காய்ந்ததும் டேப் ஒட்டி, டேப்பின் ஓரத்தில் முதலில் அதே அடி நிறத்தைத் தடவுங்கள். இடுக்கு அடைபடும். அப்புறம்தான் மேல் நிறம். அது முழுக்க இறுகுமுன் டேப்பை உரியுங்கள். எனாமல் மேல் தின்னர் கலந்த ஸ்ப்ரே அடித்தால் சுருங்கிப்போகும். துண்டுப் பலகையில் சோதித்த பிறகே படகுக்கு வாருங்கள்.

7. முதல் முறை மிதக்கவிடும் முன் தராசில் நிறுங்கள். எடுத்து, உள்ளே தேங்கிய நீரைக் கொட்டித் துடைத்த பின் மறுபடி நிறுங்கள். எடை கூடியிருந்தால், வெளியே இன்னொரு கோட்டிங் அடிக்க ஓடாமல், முதலில் தண்டுக் குழாயைச் சுற்றி உள்பக்கத்தைப் பாருங்கள்.