நடைக்கும் ஒரு மருந்துத் துண்டு

கேள்வி: எனக்கு வயது 54. சில வருஷங்களாகச் சீனி வருத்தம். மாதாமாதம் கிளினிக்குக்குப் போகிறேன். ஒவ்வொரு முறையும் "நடக்க வேண்டும்" என்று சொல்லி அனுப்புகிறார்கள். விடிந்தது முதல் வீட்டு வேலைதான், அது போதாதா? கடற்கரையில் ஆண்கள் நடக்கிறார்கள். நான் தனியே போனால் ஊர் என்ன சொல்லும்? வெறுங்காலோடு மணலில் நடந்தால் சீனி இறங்கும் என்கிறார்களே, உண்மையா?
– ஒரு வாசகி, பாண்டிருப்பு

பதில்: அன்புள்ள சகோதரி, தாங்கள் கேட்டிருப்பவை மூன்று வினாக்களாயினும் அவற்றின் மூலம் ஒன்றே: நடக்கச் சொல்லுகிறவர்கள், எப்பொழுது, எங்கே, எவ்வளவு நேரம், யாரோடு என்பதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். மெட்ஃபோர்மின் பொட்டலத்தைக் கையில் தந்து, தோன்றியபோது தோன்றிய அளவு விழுங்குங்கள் என்று எந்த வைத்தியரும் அனுப்புவதில்லை. தேகாப்பியாசமும் நீரிழிவுக்கு ஓர் ஔஷதமே. உழைக்கின்ற தசையானது இன்சுலினின் தயவை முழுதும் எதிர்பாராமலே இரத்தத்திலுள்ள சர்க்கரையை இழுத்துக்கொள்ளும் இயல்புடையதாதலாலும், அப்பியாசத்தால் விளையும் அந்த அனுகூலம் ஓரிரு நாளிலேயே குன்றிவிடுவதாலும், தொடர்ந்து இரண்டு நாள் சும்மா இருக்கலாகாது. வாரத்துக்கு 150 நிமிஷத்துக்குக் குறையாமல், பேச முடியும் ஆனால் பாட முடியாது என்னும் வேகத்தில் நடப்பதும், இரண்டு நாளாவது தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி செய்வதும் உலக சுகாதார ஸ்தாபனம் வகுத்த பிரமாணம். கதிரையிலிருந்து கையூன்றாமல் பத்துமுறை எழுந்து அமர்வதும் அவ்வகைப் பயிற்சிதான்.

வளவு கூட்டுவதும் துணி துவைப்பதும் மூச்சைச் சற்றே விரைவுபடுத்துமானால் இந்தக் கணக்கில் சேரும். அடுப்படியில் நிற்பது சேராது. ஒரேமூச்சில் பத்து நிமிஷமாவது செய்தால்தான் பலன் என்ற பழைய நிபந்தனையை அந்த ஸ்தாபனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டி கைவிட்டுவிட்டது என்பது தங்களைப் போன்றோருக்கு நல்ல செய்தி.

நியூசீலாந்தில் வைத்தியர்கள் மருந்தை எழுதித் தருவதுபோலவே நடையையும் 'பச்சைத் துண்டு' என்று எழுதித் தரும் வழக்கம் உண்டு. உடலுழைப்புக் குறைந்த 878 பேரிடம், 40 முதல் 79 வயதினரிடம், இதைச் சோதித்து 2003இல் வெளியிட்டபோது, எழுத்து மூலமான ஆலோசனையும் அதன்பின் மூன்று மாதகாலத் தொலைபேசி விசாரிப்பும் பெற்றவர்கள், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட, ஓராண்டு கழித்தும் வாரத்துக்கு 34 நிமிஷமளவு அதிகமாக ஓய்வுநேர அப்பியாசம் செய்துவந்தனர். பெரிய தொகையன்று, ஆயினும் புறக்கணிக்கத்தக்கதுமன்று. நம் நாட்டிலும் 2011ஆம் ஆண்டளவிலிருந்து சிறிய அரச வைத்தியசாலைகளில் ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்கள் இயங்குகின்றன; எடை, இடுப்பளவு, இரத்த அழுத்தம், சீனி ஆகியவற்றைப் பார்த்து ஆலோசனையும் தருகிறார்கள். அங்கே பெண்கள்தாம் வருகிறார்கள், ஆண்கள் எட்டிப் பார்ப்பதே அரிது என்பது சுகாதாரத் துறையினரின் நெடுநாளைய குறை. தங்கள் கணவரையும் இழுத்துக்கொண்டு போங்கள்.

அடுத்த கிளினிக் தினத்தன்று தங்கள் கொப்பியை நீட்டி, "காலை 15 நிமிஷம், இராச் சாப்பாட்டின் பின் 15 நிமிஷம், வாரத்தில் ஐந்து நாள்" என்று எழுதித் தரும்படியும், மறுமாதம் அதைப்பற்றியே முதலில் கேட்கும்படியும் தாதியிடம் வேண்டுங்கள். சாப்பாட்டின் பின் நடப்பது, உண்டபின் ஏறும் சீனியைத் தணிக்கும். துணைக்கு, கிளினிக் வாங்கிலேயே காத்திருக்கும் தங்கள் ஒழுங்கைப் பெண்களில் இருவர் மூவரைச் சேர்த்துக்கொள்ளலாம். கூட்டமாகப் போகிறவர்களை ஊர் இரண்டு நாள் பார்க்கும், மூன்றாம் நாள் மறந்துவிடும். மருதமுனையிலும் கல்முனைக்குடியிலும் உள்ள சகோதரிகளுக்கும் இதே சங்கடம் உண்டு; வெளியே போக விருப்பமில்லாதவர்களுக்கு மதிலுக்கு உள்ளே வளவைச் சுற்றுவதும், மாரி மழையில் விறாந்தையில் நடப்பதும் அதே பலனைத் தரும்.

கிளிக்லசைட் வில்லையோ இன்சுலினோ எடுப்பவராயின் மடியில் சிறிது சீனி வைத்துக்கொள்ளுங்கள். நடையின் நடுவே வியர்த்து நடுங்கினால் உடனே அதை உண்டு உட்கார வேண்டும். நெஞ்சில் இறுக்கமோ, கண்ணில் இரத்தக் கசிவோ, காலில் புண்ணோ உள்ளவர்கள் வைத்தியரைக் கேளாமல் தொடங்கலாகாது.

வெறுங்கால் விஷயம்: மதுமேகம் என்னும் நீரிழிவுற்ற வறியவன் பாதரட்சையும் குடையுமின்றி நூறு யோசனை தூரம் நடக்கட்டும் என்று சுசுருத முனிவரின் பழைய ஆயுர்வேத நூலான சுசுருத சம்ஹிதை விதிக்கிறது. அந்த முனிவரின் விதியில் நடக்கச் சொல்லும் பாதியை நாம் ஏற்கலாம். பாதரட்சையைப் பற்றிய பாதியை ஏற்பதற்கில்லை. நீரிழிவினால் நரம்பு மரத்த பாதம், சிப்பி கீறியதையும் மணல் சுட்டதையும் உணராது. தங்கள் ஊர்த் திரௌபதை அம்மன் ஆலயத்தில் தீமிதிக்க நேர்ந்துகொள்ளும் சீனி வருத்தக்காரர்கள், முன்னதாகவே கிளினிக்கில் பாதத்தின் உணர்ச்சியைப் பரிசோதித்துக்கொள்வதும், அது குறைந்திருந்தால் வேறொரு நேர்த்திக்கடனை மனதார ஏற்பதும் பக்திக்குக் குறைவாகா என்பது என் தாழ்மையான அபிப்பிராயம். விரல் மூடிய, இறுக்காத சப்பாத்து அணியுங்கள். இரவில் இரு பாதங்களையும் பாருங்கள், அடிப்பாகத்துக்கு ஒரு கைக்கண்ணாடி போதும். கீறலோ கொப்புளமோ தென்பட்டால் அடுத்த கிளினிக் திகதிவரை காத்திராமல் மறுநாட் காலையிலேயே காட்டிவிடுங்கள்.