விமானத் தொழிலும் கணக்கு முறையும்

இலக்கியம் பயிலும் மாணவராகிய நாம் கணக்கு நூலை ஆராயப் புகுவது சிலர்க்கு வியப்பளிக்கலாம். எனினும், வருங்காலத்தை எண்ணி நிகழ்காலத்தை எழுதும் ஒரு முறை அந்நூலில் உண்டென அறிந்து, அதனைச் சிறிது நோக்க விழைந்தோம்.

புதுவகை விமானமொன்றைக் கட்டத் தொடங்குங்கால் முதற்கண் செலவு மிகுதி. தொழிலாளர் கைப்பழக்கம் பெறப் பெற அது குறையும். எண்ணிக்கை இருமடங்காகுந்தோறும் விமானமொன்றிற்குச் சராசரியாகும் உழைப்பு ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு குறையுமென அமெரிக்கப் பொறிஞர் டி. பி. ரைட் என்பார் 1936-ஆம் ஆண்டில் எடுத்துக் காட்டினார். இவ்வியல்பைத் தழுவியதே போயிங் கம்பெனியார் கையாளும் திட்டக் கணக்கு முறை.

இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். நான்கு விமானங்களுக்கு முறையே 160, 110, 70, 60 கோடி செலவாகுமென்றும், ஒவ்வொன்றும் 110 கோடிக்கு விலைபோகுமென்றும் கொள்வோம். மொத்தச் செலவு 400 கோடி. சராசரி 100 கோடி. முதல் விமானத்தால் உண்மையில் 50 கோடி நட்டம். ஆயினும் ஏட்டில் செலவு 100 என்றெழுதி 10 கோடி இலாபம் காட்டுவர். எஞ்சிய 60 கோடியைச் சரக்கிருப்பில் சேர்த்து வைப்பர். பின்வரும் விமானங்கள் அச்சுமையைத் தீர்க்குமென்பது நம்பிக்கை. இரண்டு விமானங்களோடு வாணிகம் நின்றுவிடின் யாதாகும்? சரக்கிருப்பில் தங்கிய 70 கோடியையும் நட்டமாகவே எழுதிவிடல் வேண்டும். முன் காட்டிய 20 கோடி இலாபம் மறைந்து, 50 கோடி நட்டம் வெளிப்படும்.

போயிங் 787 விமானத்தின்பொருட்டு இவ்வாறு ஒத்திவைக்கப்பெற்ற செலவு 2015-ஆம் ஆண்டு முடிவில் 2,800 கோடி டாலருக்கு மேற்பட்டிருந்தது; பின்னர் அது சிறுகச் சிறுகக் குறைந்தது. அதற்கு முன்பே, 2009-ஆம் ஆண்டில், சோதனைக்கெனக் கட்டிய முதல் மூன்று விமானங்களும் விலைபோகாவெனக் கண்டு, ஏறக்குறைய 250 கோடி டாலரை ஆராய்ச்சிச் செலவாக எழுதினர்.

இலாபத்தைப் பரப்பி எழுத இடந்தரும் இம்முறை, நட்டத்திற்கு அவ்விடந் தருவதில்லை. திட்டம் முழுதும் நட்டமடையுமெனத் தோன்றிய அப்பொழுதே அதனை முற்றும் எழுதுதல் வேண்டும். 777எக்ஸ் விமானம் ஒன்றேனும் கொள்வோர் கை சேராமுன்னரே, 2020-ஆம் ஆண்டுக் கணக்கில் 650 கோடி டாலர் நட்டம் எழுதப்பெற்றது இதனாலேயாம். ஐரோப்பிய ஏர்பஸ் கம்பெனியார் பன்னாட்டுக் கணக்கு விதிகளைப் பின்பற்றுதலின் இவ்வாறு சராசரியிட்டு எழுதுவதில்லை.

ஆயின் இம்முறை பொய்யோ? அன்று என்றே கூறுவோம். தென்னையை நட்டவன் முதலாண்டுச் செலவு முழுவதையும் நட்டமெனக் கொள்ளான். ஆனால் எத்தனை விமானம் விற்கும், செலவு எவ்வளவு குறையும் என மதிப்பிடுவோர் விற்பவரேயாவர். அம்மதிப்பீடு தவறின், ஏட்டை நம்பிப் பங்கு வாங்கினோர் பொருளிழப்பர். ஆதலின் இலாபத் தொகையை மட்டும் நோக்காது, அது எத்தனை விமானங்களை எண்ணிக் காட்டப்பெற்றதென்பதையும் வினவுதல் கற்றோர் கடனாம்.